மஞ்சள் நூல் தைத்த வாய்

எனக்குப் பேய், பிசாசு, சகுனம் எதிலும் நம்பிக்கை கிடையாது. ராஜபாளையத்தில் தையல் கடை வைத்திருப்பவன் நான். தைத்துக் கொடுத்த ரவிக்கை பொருந்தவில்லை என்று வரும் பெண்களைத் தவிர வேறு எதற்கும் பயந்ததில்லை. அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் வருத்தப்பட மாட்டேன். நானே பாதி நாள் நம்புவதில்லை.

புரட்டாசி சனிக்கிழமை அது. என் மகள் தலைப்பிரசவத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளை விட்டு நகர முடியாது என்பதால், என் மனைவி செல்வி என்னிடம் துளசி மாலையும், தானே மஞ்சளில் நனைத்துத் திரித்த ஒரு நூல் கயிறும் கொடுத்து, எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பெருமாள் கோயில் இருக்கிற திருவண்ணாமலை என்ற மலைக்குப் போய்க் கும்பிட்டு, பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று கயிற்றை மரத்தில் கட்டிவிட்டு வரச் சொன்னாள். நானும் நெற்றி நிறைய நாமம் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மலைக்குத்தான் என்று சொன்னேன். ஏறியது தூத்துக்குடி பஸ்.

காரணம் காதர். என் கடைக்குப் பக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற சிநேகிதன். அவனுடைய மச்சான் தூத்துக்குடியில் பைபர் படகு வைத்திருக்கிறார். செத்த மடவை மீனைத் தூண்டிலில் கோத்து, படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே பின்னால் இழுத்துப் போனால், உயிரோடு நீந்துகிறது என்று நினைத்துப் பெரிய சீலா மீன் வந்து கவ்வும். அதற்கு மடவையின் குடலை எடுத்து, உடம்பு நெளிய வேண்டும் என்பதற்காக நடுமுள்ளையும் உருவி, வயிற்றுக்குள் கொக்கியை வைத்து, வாயைத் தைத்து மூட வேண்டும். வாய் திறந்திருந்தால் தண்ணீர் புகுந்து மீன் பம்பரமாய்ச் சுற்றி, தூண்டில் நரம்பான தங்கூசி முறுக்கிக்கொள்ளும். வாய் தைப்பதற்குத்தான் நான். ரவிக்கையில் தப்பினாலும் மடவை வாயில் என் கை தப்பாது.

படகில் உட்கார்ந்ததும் காதர் என் நெற்றியைப் பார்த்தான். "நாமத்தோட மீன் பிடிக்க வந்த மொத ஆளு நீதாம் மாப்ள."

நான் திங்கவா போகிறேன், பிடிக்கத்தானே போகிறேன் என்றேன். புரட்டாசிக்கு நான் கண்டுபிடித்த சட்டம் அது.

கரை மறைந்த பிறகுதான் தெரிந்தது, மெழுகு நூலைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். தையல்காரன் மறந்தது நூலை. சட்டைப்பையில் இருந்த சாதா நூல் இரண்டு முறை அறுந்தது. அப்போதுதான் கை அந்த மஞ்சள் கயிற்றில் பட்டது. நீளமாகத்தானே இருக்கிறது, பாதியை எடுத்தால் பெருமாள் அளந்தா பார்க்கப்போகிறார், மீதியை அடுத்த சனிக்கிழமை கட்டிக்கொள்ளலாம் என்று மனதுக்குள் கணக்குச் சொல்லிக்கொண்டே, ஒரு பிரியை உருவி மடவையின் வாயை இறுக்கித் தைத்துக் கடலில் விட்டேன்.

உச்சி வெயில். அலையே இல்லை. ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. திடீரென்று என் தங்கூசி தளர்ந்தது. ஓடுகிற படகின் பின்னால் இழுபடும் தூண்டில் தளராது. மீன் கவ்விக்கொண்டு படகை நோக்கி வருகிறது என்று நினைத்துச் சுற்றினேன். நுரைக்கு நடுவே வந்தது அந்த மடவைதான். குடல் இல்லை, முள் இல்லை, நான் உருவிய மீன். வாலை ஆட்டிக்கொண்டு படகைவிட வேகமாக வந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டது. மச்சான் இஞ்சினை நிறுத்தினார். படகு நின்றால் கொக்கிக் கனத்தில் செத்த மீன் மூழ்க வேண்டும் இல்லையா? அது மூழ்கவில்லை. தண்ணீர் மட்டத்தில் தலையை நிமிர்த்தி நின்றது. தைத்த இடத்தில் உதடு விம்மி விம்மி அடங்கியது, உள்ளிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி. மஞ்சள் தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது.

மூன்று பேரும் பார்த்தோம். காதர்தான் பேசினான். "ஏலே, அறுத்து விட்ரு. அதுக்கு மூச்சு முட்டுது."

செத்த மீனுக்கு மூச்சு முட்டுகிறது என்று ஒருவன் சொல்கிறான், எனக்கோ சிரிப்பு வரவில்லை. குனிந்து கத்தியால் நூலை அறுத்தேன். வாய் பெரிதாகத் திறந்தது. சத்தம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் கொக்கியிலிருந்து தானாகக் கழன்று, கல் மாதிரி கீழே போய்விட்டது.

மச்சான் படகைத் திருப்பினார். கரை நெருங்கி சிக்னல் வந்ததும் செல்போன் விடாமல் துடித்தது. எல்லாம் செல்வி. கூப்பிட்டேன்.

குறித்த நாளுக்கு இன்னும் நாள் இருக்கும்போதே மகளுக்கு வலி வந்துவிட்டதாம். உச்சிப்பொழுதில் பெண் குழந்தை பிறந்ததாம். சொல்லிக்கொண்டே அழுதாள்.

"பொறந்த பிள்ள அழவே இல்லங்க. வாய இறுக்கி மூடிட்டு நீலம் பாரிச்சுப் போச்சு. நர்சம்மா என்னென்னமோ செஞ்சு பாத்தாவ. நான் பெருமாளேன்னு உக்காந்துட்டேன். செத்த நேரம் கழிச்சு, யாரோ தொறந்து விட்ட மாதிரி வாயத் தொறந்து வீல்னு அழுதுச்சு. அந்நேரந்தான் நீங்க கயிறு கட்டியிருப்பிய. என்ன?"

ஆமாம் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை மலையேறி மீதிக் கயிற்றைக் கட்டினேன். மன்னிப்பும் கேட்டேன். ஆனால் செல்வி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். இப்போது எங்கள் தெருவில் யாருக்குப் பிரசவம் என்றாலும், கைராசிக்காரர் என்று என்னிடம்தான் கயிறு கொடுத்து அனுப்புகிறார்கள். மூட்டுவலியோடு ஏறி, ஒரு பிரி குறையாமல் கட்டிவிட்டு வருகிறேன். காதர் தூண்டிலை விற்றுவிட்டான்.

பேத்திக்கு இப்போது நன்றாகப் பேச்சு வந்துவிட்டது. அம்மா, ஆச்சி எல்லாரையும் கணீரென்று கூப்பிடுகிறாள். என்னைக் கூப்பிடும்போது மட்டும், முதலில் இரண்டு விரலால் உதட்டோரத்திலிருந்து எதையோ பிடித்து, நீளமாக உருவிப் போடுகிறாள். அதற்குப் பிறகுதான் "தாத்தா" என்கிறாள்.

குழந்தை விளையாட்டு என்கிறாள் செல்வி. நானும் சிரிக்கிறேன்.