ஜப்பான் பேய்க்குப் பசி என்றாள் அம்மா

சி.டி. பிளேயர் சூடேறினால் ஒரு வாசனை வரும்... பிளாஸ்டிக்கும் தூசியும் சேர்ந்து வறுபடுகிற மாதிரி. செஞ்சியில் சித்திரை மாதம் அதற்குத் தனியாகச் சூடு வேறு வேண்டுமா? மலைப்பாறை எல்லாம் காய்ந்து, அந்த அனல் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கும். அப்பாவை நாங்கள் நைனா என்போம்; ஞாயிற்றுக்கிழமை அவர் கடலை மண்டிக்கு லீவு. சாப்பிட்டுவிட்டு எல்லாரும் ஃபேனுக்குக் கீழே டி.வி. முன்னால் கிடப்போம்.

அண்ணனுக்குப் பேய்ப் படப் பைத்தியம். கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று. அப்போதும் போனில் அண்ணியிடம் பேய்க் கதைதான் பேசுவான். அந்தப் பெண் எப்படித்தான் சம்மதித்தாளோ, எனக்கு இன்றுவரை புரியவில்லை!

அப்படி ஒரு ஞாயிறு அவன் கொண்டுவந்தது ஒரு ஜப்பான் படம். சப்டைட்டில் கிடையாது. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

ஒரு வீடு. வெளியே மழை. அப்பா, அம்மா, பையன் மூவரும் சாப்பிட உட்காருகிறார்கள். சமையலறைக் கதவோரம் ஒரு சின்னப் பெண் நிற்கிறாள். முகத்தில் முடி விழுந்து கிடக்கிறது. கத்தவில்லை, பாயவில்லை... நிற்கிறாள், அவ்வளவுதான். அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்துக்கும் அதே இடத்தில் நிற்கிறாள்.

நான் தலையணையைக் கட்டிக்கொண்டேன். அம்மா மட்டும் நெருங்கிப் போய் உட்கார்ந்தாள்.

"சோத்து வேளைக்கு வந்து நிக்குது பாரு. பசிடா அதுக்கு."

"அம்மா, அது பேயிமா!"

"பேயா இருந்தா இன்னா? கொழந்ததானே?"

கடைசியில் படத்திலிருந்த அந்த அம்மா ஒரு கிண்ணத்தில் சோறு போட்டுக் கதவோரம் கொண்டுபோய் வைத்தாள். அதோடு சி.டி. சிக்கிக்கொண்டது. அண்ணன் துடைத்துத் துடைத்துப் போட்டும் நகரவில்லை. திரும்பிப் பார்த்தால் அம்மா அழுதுகொண்டிருக்கிறாள்.

எனக்கு ஒரு அக்கா இருந்தாள். செல்வி. நான் பிறப்பதற்கு முன்பே, இரண்டாங்கிளாஸ் படிக்கும்போது, காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டில் அவள் போட்டோ கிடையாது. நைனா எதிரில் அவள் பேரையே எடுக்கக் கூடாது.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடை வைப்போம். வீட்டில் கன்னியாகவோ சுமங்கலியாகவோ செத்துப்போனவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, புதுத் துணி வைத்துப் படைப்பது. அவர்கள் வந்து வாழ்த்தினால்தான் கல்யாணம். அண்ணன் கல்யாணத்துக்குச் செல்வியைக் கூப்பிட வேண்டும் என்று அம்மா எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டாள். "அந்தப் பேச்ச எடுக்காத" என்று நைனா எழுந்து போய்விடுவார். கல்யாணம் நெருங்க நெருங்க அம்மாவுக்குச் சோறே இறங்கவில்லை.

அடுத்த வாரம் அண்ணன் அதே கதையை அமெரிக்காவில் எடுத்த படத்தைக் கொண்டுவந்தான். தமிழ் டப்பிங். பேச்சு புரிகிறதே என்று நைனாவும் வந்து உட்கார்ந்தார்.

அடேயப்பா... என்ன சத்தம்! கதவு திறந்தால் 'டமார்', பூனை போனால் 'டமார்'. ஜப்பான்காரன் ஒன்றுமே சொல்லாமல் விட்டதற்கெல்லாம் இவர்கள் காரணம் சொன்னார்கள். அந்தப் பெண் பிறவியிலேயே கெட்டவளாம். கருவி வைத்து அளந்து ஒருத்தர் விளக்கமே கொடுத்தார். சோற்றுக் கிண்ணத்தையே காணோம். கடைசியில் அப்பாக்காரன் சமையலறைக் கதவை இழுத்துச் சாத்திப் பலகை வைத்து ஆணி அடிக்கிறான். உள்ளேயிருந்து அந்தப் பெண் கதவைத் தட்டுகிறாள். இவர்கள் காரில் ஏறிப் போகிறார்கள், சந்தோஷமாகப் பாட்டு வருகிறது.

நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சே! இவனும் ஒரு மனுசனா? வூட்டுக்கு வந்த கொழந்தைய வெச்சி எவனாவது கதவ சாத்துவானா?"

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நீ சாத்தல?"

நைனா அவளையே பார்த்தார். பிறகு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்றைக்கு வீட்டில் பெரிய சண்டைதான் என்று நினைத்தோம்.

பொழுது சாய்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தார். கையில் ஜவுளிக்கடைப் பை. உள்ளே ஒரு சிவப்புப் பாவாடை, பச்சைச் சட்டை.

"ரெண்டாங்கிளாஸ் புள்ளைக்குன்னு சொல்லி வாங்கியாந்தேன்... அளவு சரியா இருக்குமாடி?"

அம்மா பாவாடையைப் பிரித்துத் தன் இடுப்புக்குக் கீழே வைத்துப் பார்த்தாள். "சரியா இருக்கும்" என்றாள்.

பூவாடை அன்று பம்பை அடித்துக் கலசம் கொண்டுவந்தபோது, செல்வியைக் கூப்பிட்டது நைனாதான். "செல்வி... வாம்மா" என்றார். அவர் வாயால் அந்தப் பேரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இப்போது எல்லாம் போனிலேயே கிடைக்கிறது, சப்டைட்டிலோடு. போன மாதம் அந்த ஜப்பான் படத்தை முழுசாகப் பார்த்தேன். அந்தப் பெண் அவர்கள் பிள்ளையே இல்லையாம். யாரோ முன்னால் குடியிருந்தவர்களின் பிள்ளை. பசி, கிசி எதுவும் இல்லை. நாங்களாகவே ஒரு கதையைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறோம்! அம்மாவிடம் சொன்னேன்.

"எவ பெத்ததா இருந்தா இன்னா? சோறு வெச்சாளா இல்லியா?" என்று கேட்டுவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டாள்.

படம் பார்க்க இப்போது ஆளுக்கொரு போன் இருக்கிறது. ஒன்றாக உட்கார்ந்து பயந்து, தப்புத் தப்பாகக் கதை புரிந்துகொள்ள ஆள்தான் இல்லை. அதற்கு மனசு ஏங்குகிறது.

நைனா போய்ச் சில வருடங்களாகிவிட்டன. அண்ணன் மகள் காதுகுத்துக்குப் படைத்தபோது, பாவாடைக்குப் பக்கத்தில் ஒரு வேட்டியும் வைத்தோம். கற்பூரம் காட்டிவிட்டு அம்மா இலையைப் பார்த்துச் சொன்னாள்.

"செல்வி, உங்க நைனாவுக்கு மொதல்ல குடு. மனுசன் பசி தாங்க மாட்டாரு."