அம்மா கூப்பிட்டபோது

காவிரி விவகாரம் சூடாக இருந்த வாரம் அது. சிவாஜிநகரில் பஸ் ஏறினேன். பக்கத்தில் ஸ்கேன் கவரோடு உட்கார்ந்திருந்த அம்மாள், "லிங்கராஜபுரம் ஆஸ்பத்திரிக்கு எங்க எறங்கணும் கண்ணு?" என்று தமிழில் கேட்டார்.

நான் பிறந்து வளர்ந்ததே லிங்கராஜபுரத்தில்தான். ஆனாலும், "தமிளு பரல்ல" என்று, தமிழே தெரியாதவள்போல, கன்னடத்தில் கைவிரித்தேன்.

முன்சீட்டுக் கன்னடப் பெண் திரும்பி, "நான் சொல்றேன் அக்கா, பயப்படாதே" என்றாள், திக்கித் திக்கித் தமிழில்.

அந்நேரம் பார்த்து என் போன் அடித்தது. திரையில் 'அம்மா' என்று தமிழில் பெயர். அந்த அம்மாள் அதைப் படித்துவிட்டார். கோபப்படவில்லை. என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில், "எடு கண்ணு, அம்மா கூப்புடுறாங்க" என்றார்.

அப்போதும் புரியாதவள்போல ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்து ஓய்ந்தது.

பயம்தான் காரணம் என்று இன்றும் சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பஸ்ஸில் யாரும் என்னை மிரட்டவில்லை.