போன வருசத்துச் சட்டை

மெஷின் வீட்டுக்கு வந்த அன்றைக்கே வெயிலுகந்தம்மாளுக்கு முதல் சண்டை. பிரிண்டரைப் பொருத்திக் கொடுக்கக் கோயம்புத்தூரிலிருந்து வந்தவன், பெட்டிகளை ஆட்டோவிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, அவளைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

"சார் இல்லீங்களா?"

"டூட்டிக்குப் போயிருக்காவ. எதுக்கு?"

"மெஷினை ஓட்டறவருக்குத்தானுங்க சொல்லித் தர முடியும்."

"ஓட்டப் போறவ நாந்தான். சொல்லுங்க."

அவன் தலையாட்டிவிட்டு வேலையை ஆரம்பித்தான். பாதியில் செல்போனை எடுத்து, "சார் நம்பர் கொடுங்க, அவருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடறனுங்க" என்றான். அவளுக்கு ஏறிவிட்டது.

"அவிய மணியாச்சியில தண்டவாளத்துக்கு போல்ட்டு முடுக்கிட்டு இருப்பாவ. வெள்ளை இங்க் எந்தக் குழாயில ஊத்தணும்னு அவியகிட்டயா கேப்பீங்க?"

அதன்பிறகு அவன் அவள் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தான்.

கோவில்பட்டியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் பல வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டிசைன் போட்டவள் அவள். கல்யாண வீட்டு மாமன்மார் முகத்தையெல்லாம் வெள்ளையாக்கிச் சலித்துப்போய்த்தான் சொந்தமாக இந்தத் தொழிலுக்கு வந்தாள். படத்தை ஒரு பிளாஸ்டிக் ஃபிலிமில் அச்சடித்து, ஈரம் காயும் முன் பசைப்பொடியைத் தூவி, சூட்டில் உருக்கி, பிறகு சட்டையின் மேல் வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். ஃபிலிமை உரித்தால் படம் துணியில் ஒட்டியிருக்கும். ஒரே ஒரு சட்டை வேண்டும் என்று வந்தாலும் அடித்துக் கொடுக்கலாம்.

மந்தித்தோப்பு ரோட்டில், ஒரே முற்றத்தைச் சுற்றி நாலு வீடு இருக்கிற வளவில் அவர்களுடையது கடைசி வீடு. சமையல்கட்டை மெஷினுக்குக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பின்வாசலுக்குக் கொண்டுபோனாள். பசை உருகும்போது எழும் நெடி வெளியே போக ஜன்னலில் காற்றாடி வைத்தாள். எல்லாம் சரியாக நடந்தது, ஆனி மாதம் வரை. ஆனியில் காற்று கிளம்பியதும் கரிசல் புழுதி கதவிடுக்கு வழியாகவெல்லாம் உள்ளே வந்தது. அந்தக் காய்ந்த காற்றில் வெள்ளை இங்க் மெஷினின் வாயிலேயே உறைந்து அடைத்துக்கொண்டது. அச்சில் கோடு கோடாக விழுந்தது. அவள் ஜன்னலில் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டாள், அண்டாவில் தண்ணீர் நிரப்பி மெஷின் பக்கத்தில் வைத்தாள், சுட்டெரிக்கிற வெயிலில் போய் நின்று கோயம்புத்தூர்க்காரனைப் போனில் வைதாள்.

அந்த நாட்களில் அவளுக்குத் துணையாக இருந்தவள் பக்கத்து வீட்டு சுடலைச்செல்வி. அவளைவிட ஐந்தாறு வயது மூத்தவள். ஆறுமுகசாமியின் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டிக்குள் குச்சி அடைக்கிற வேலை. தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்லுவோம். வேலை முடிந்து வந்ததும் செல்வி முகத்தைக் கழுவிவிட்டு நேரே இங்கே வந்துவிடுவாள். பொடி தூவிய ஃபிலிமை இரண்டு பக்கமும் பிடித்து, முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி ஒரு தட்டுத் தட்டுவாள். ஒட்ட வேண்டியது ஒட்டி, மிச்சம் கீழே கொட்டிவிடும்.

"ஏட்டி வெயிலு, இவ்வளவு கத்துதியே, மெசினுக்குக் காது இருக்கா?"

"இருந்தா முதல்லயே தூக்குப் போட்டிருக்கும்க்கா."

காதுகுத்துக்குத் தாய்மாமன்மார் போடுகிற ஒரே மாதிரிச் சட்டை, விளாத்திகுளம் பக்கத்துக் கபடிக்காரர்கள், கோயில் கொடைக்குப் பையன்கள் என்று ஆர்டர் வர ஆரம்பித்தது. துவைத்தால் எழுத்து வெடிக்கிறது என்று ஆரம்பத்தில் வந்த புகாரும் மெல்ல நின்றது.

பங்குனியில் ஒரு முற்பகல், ஆறுமுகசாமியின் ஆபீஸில் தீப்பிடித்தது. குச்சி உரசிப் பற்றிய நெருப்பு, அடைத்து அடுக்கியிருந்த பெட்டிகளுக்குத் தாவியிருக்கிறது. மணல்வாளி இல்லை. வெளியே ஓடலாமென்றால் வாசலில் பாதியை மறித்து அட்டைக்கட்டுகள். செல்வி அவற்றின் மேலேறிக் குதித்துத்தான் வெளியே வந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் தோல் வெந்துபோனது. கழுத்தில் ஒரு பக்கம்.

ஆறுமுகசாமி ஆஸ்பத்திரிக்கு வந்தார், மருந்துச் செலவை ஏற்றுக்கொண்டார். அதை ஊரெல்லாம் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: "பதறிட்டா. சொல்லிக் குடுத்தபடி நடந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

செல்வி கட்டுகளோடு வீடு திரும்பிக் கொஞ்ச நாளில், ஆறுமுகசாமியே வெயிலுகந்தம்மாள் வீட்டுக்கு வந்தார். கையில் கடலைமிட்டாய்ப் பொட்டலம். நாற்காலியில் உட்கார்ந்து மெஷினைச் சுற்றிப் பார்த்துப் பாராட்டினார். ஆபீஸில் வேலை செய்கிற எல்லோருக்கும் சட்டை வேண்டும் என்றார். அதுவரை அவளுக்கு வந்ததிலேயே பெரிய ஆர்டர். அவள் கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

"என்ன எழுதணும் அண்ணாச்சி?"

"'தீத்தடுப்புப் பயிற்சி முகாம்'னு போடு தாயி. கீழ நம்ம ஆபீஸ் பேரு. அதுக்குக் கீழ வருசம்." அவர் சொன்னது போன வருஷம்.

"வருசம் மாறிச் சொல்லுதீங்களே."

"மாறல. அதான் போடணும். துணி பாலியஸ்டர் போதும்."

"தீ பொழங்குற எடத்துக்கு பாலியஸ்டரா? உருகித் தோலோட ஒட்டிக்கிடுமே அண்ணாச்சி."

"அதப் போட்டுக்கிட்டு யார் வேல செய்யப் போறா? தீப்பிடிச்சத விசாரிக்க கவர்மெண்டுல இருந்து வாறவங்க முன்னால ஒரு நாள் நிக்கணும், ஒரு போட்டா எடுக்கணும். அவ்வளவுதான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. புதுசு மாதிரி இருக்கக் கூடாது. வருசம் முச்சூடும் துவைச்சுப் போட்ட மாதிரி வெளுப்பா, எழுத்து அங்கங்க வெடிச்ச மாதிரி பண்ணிக் குடு. உன்னால முடியும்."

எழுத்து வெடிக்காமல் இருக்கத்தான் அவள் இத்தனை நாளும் அந்த மெஷினோடு மல்லுக்கட்டியிருந்தாள். அவர் கேட்பது என்னவென்று அவளுக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. போன வருஷமே எல்லோருக்கும் பயிற்சி கொடுத்தாயிற்று. அப்படியானால் தப்பு யார் மேல்? பக்கத்து வீட்டில் கட்டுப்போட்டுப் படுத்திருக்கிறவள் மேல்.

அவள் எழுந்து நின்றாள். அதுவரை 'நீங்க' என்று பேசியவள் மாறினாள்.

"எந்திரியும்."

"என்னம்மா?"

"எந்திரியும் வேய்! சுவத்துக்கு அந்தப் பக்கம் அவ கெடக்கா. நீரு இந்தப் பக்கம் உக்காந்து அவ கைய அவளே சுட்டுக்கிட்டான்னு எழுதச் சொல்லுதீரு. அதுவும் என் மெசின்ல!"

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். வேட்டியைச் சரி செய்துகொண்டு, "சண்முகராஜ் வரட்டும். நான் ஆம்பளகிட்டப் பேசிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைத் தெருவில் அவர் வண்டிக்குப் பின்னால் விட்டெறிந்தாள்.

அவள் புருஷன் சண்முகராஜ் வேலை முடிந்து பாசஞ்சரில் வந்து இறங்கும்போதே அவருக்குப் போன் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"இந்த வளவு யாரு வளவு தெரியுமாட்டி? அவரு மச்சினனோடது."

"தெரியும்."

"நீ அடிக்கலன்னா அவரு வேற எடத்துல அடிச்சுக்கிடுவாரு. நின்னா போயிரும்?"

"நிக்காது. அடிச்சுக்கிடட்டும். நான் அடிச்சதா இருக்கக் கூடாது."

"உன் கோவம் ஒருநா நம்மளத் தெருவுல நிறுத்தும்."

"நின்னுக்கிடுவோம்" என்றாள். அவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

மறுநாள் செல்வியிடம் போய்ச் சொன்னாள். அவளும் கொதிப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் போனாள். செல்வி கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, "அடிச்சுக் குடுத்துருட்டி" என்றாள்.

"என்னக்கா சொல்லுத?"

"மருந்துக்கு அவியதான் குடுக்காவ. அத நிறுத்திட்டா நான் எங்க போவேன்?"

"போன வருசம் உனக்கு யாராவது ஒரு வார்த்த சொல்லிக் குடுத்தாவளா?"

"ஒரு மயிரும் சொல்லிக் குடுக்கல. அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்லுத?"

வெயிலுகந்தம்மாள் எழுந்து வந்துவிட்டாள். செல்வியின் மேலும் அவளுக்கு அன்று ஆத்திரம்தான். அவளால் செல்வியை வைய முடியவில்லை. அது வேறு சேர்ந்துகொண்டது.

சட்டைகளை ஆறுமுகசாமி எங்கோ வெளியூரில் அடித்துக்கொண்டார். விசாரணைக்கு அதிகாரி வருகிற நாள் தெரிந்ததும், வெயிலுகந்தம்மாள் கதவைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனாள். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே முற்றத்தில் பெண்கள் சேலைக்கு மேல் மஞ்சள் சட்டை போட்டு வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். எழுத்து வெளிறி, அங்கங்கே வெடித்திருந்தது. அவள் கேட்டைப் பிடித்து உலுக்கிக் கத்தினாள்.

"மேடம்! அந்தச் சட்டைய என்கிட்டதான் முதல்ல அடிக்கச் சொன்னாரு! பழசாக்கிக் குடுன்னு கேட்டாரு!"

விசாரணைக்கு வந்திருந்த அம்மாள் அவளை உள்ளே விடச் சொன்னார். ஆறுமுகசாமி சிரித்தார். "ஆர்டர் வேற எடத்துக்குப் போயிட்டுன்னு ஆத்திரம் மேடம். பொம்பளைங்க அப்படித்தான."

அதிகாரி வரிசையைப் பார்த்து, "இந்தச் சட்டை உங்களுக்கு எப்ப கொடுத்தாங்க?" என்று கேட்டார்.

சிலர் தரையைப் பார்த்தார்கள். சிலர் வெயிலுகந்தம்மாளை எரித்துவிடுகிற மாதிரிப் பார்த்தார்கள். வெயிலோ நடு மண்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. பாலியஸ்டருக்குள் எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது. வரிசைக் கடைசியில் நின்ற உச்சிமாகாளி என்கிற பெண், முதலில் கழுத்தைச் சொறிந்தாள், பிறகு முதுகைச் சொறிந்தாள். கடைசியில் சட்டையைத் தலைவழியாக உருவிச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா?"

"கடிக்கி மேடம். நேத்து சாயந்தரம் குடுத்தாவ. இத ஒரு வருசம் எவளால போட முடியும்?"

துணிந்து சொன்னாளா, அரிப்புத் தாங்காமல் வாய்தவறிச் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. ஆறுமுகசாமியின் முகத்திலிருந்து சிரிப்பு போனது. வெயிலுகந்தம்மாளும் உச்சிமாகாளியும் சொன்னதை அதிகாரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

நியாயம் கிடைத்த கதையாக இதைச் சொல்லி முடித்துவிடலாம். நடந்தது அப்படி இல்லை. ஆபீஸைக் கொஞ்ச காலம் மூடி வைத்தார்கள். பெண்கள் கூலியில்லாமல் வீட்டில் கிடந்தார்கள். குழாயடியில் வெயிலுகந்தம்மாள் குடத்தை வைத்தால் மற்றக் குடங்கள் நகர்ந்தன. திரும்பத் திறந்தபோது வாசலில் அட்டைக்கட்டுகள் இல்லை, மணல்வாளி தொங்கியது, உச்சிமாகாளிக்கு வேலை இல்லை. அவள் வேறு ஆபீஸ் தேடிப் போனாள். மெஷின் நெடி தாங்கவில்லை என்று காரணம் சொல்லி வளவுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்.

எல்லாவற்றுக்கும் முன்பே நடந்தது இன்னொன்று. விசாரணைக்கு மறுநாளே ஆறுமுகசாமி மருந்துச் செலவை நிறுத்தினார். செல்வி முற்றத்தில் நின்று சத்தம் போட்டாள்.

"உன் கோவத்துக்கு என் மருந்துதான் கெடச்சுதாட்டி?"

சண்முகராஜ்தான் உள்ளேயிருந்து வந்தார். "வாங்க மதினி, பெரியாஸ்பத்திரியில கட்டுக் கட்டிக்கிடலாம்" என்று வண்டியை எடுத்தார். அன்றைக்கு மட்டும் இல்லை, டூட்டி இல்லாத நேரமெல்லாம் கூட்டிப்போனார். போகிறபோதும் வருகிறபோதும் பெண்டாட்டியை வைதுகொண்டே போனார்.

இலுப்பையூரணிப் பக்கம் வேறு வீடு பிடித்தார்கள். வீடு மாற்றிய அலைச்சலில் மெஷினின் அச்சுவாய் காய்ந்து செத்துப்போய், புதிதாக வாங்கிப் போட வேண்டியதாயிற்று. அங்கே ஒரு நாள் செல்வி வந்து வாசலில் நின்றாள். வலது கை விரல்கள் மடங்கவில்லை. "மடிச்சு வைக்கவாச்சும் ஆள் வேணும்லா" என்றாள். கபடிக்காரர்கள் சட்டை மேஜை நிறையக் கிடந்தது. வெயிலுகந்தம்மாள் நகர்ந்து இடம் விட்டாள்.

பயிற்சி கொடுத்ததாகச் சொன்னதை விசாரணையில் ஏற்கவில்லை. செல்விக்கு நஷ்டஈடு கொடுக்க உத்தரவு வந்தது. ஆறுமுகசாமி அதை எதிர்த்து மேலே போயிருக்கிறார். வாய்தாவுக்கு வாய்தா செல்வியும் வெயிலுகந்தம்மாளும் தூத்துக்குடிக்குப் போய் வருகிறார்கள்.

போன தடவை பஸ்ஸில் எட்டயபுரத்தில் ஏறிய ஒரு அம்மாள் செல்வியின் கைகளைப் பார்த்து, "அய்யோ, சுடுதண்ணியா தாயி?" என்று கேட்டாள். யார் கேட்டாலும் ஆமாம் என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொள்கிறவள் செல்வி. ஊரான் வாய்க்கு எதற்குத் தீனி என்பாள். அன்றைக்குச் சேலைத் தலைப்பை விலக்கி, இரண்டு கையையும் அந்த அம்மாள் முன்னால் நீட்டினாள்.

"சுடுதண்ணி இல்ல. தீ. ஆறுமுகசாமி தீப்பெட்டி ஆபீஸ். ஒரு வாளி மண்ணு வைக்கல அவன். வாசல மறிச்சுக் கட்டு அடுக்கி வச்சிருந்தான். கடைசியில நான்தான் கொளுத்துனேன்னு சட்டையில அச்சடிக்கப் பாத்தான்."

கண்டக்டர் திரும்பிப் பார்த்தான். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பினார்கள். வெயிலுகந்தம்மாள் ஜன்னலோரமாக ஒதுங்கி உட்கார்ந்தாள். செல்வி முதலிலிருந்து ஆரம்பித்துச் சொல்லத் தொடங்கினாள். பஸ் குறுக்குச்சாலையைத் தாண்டுகிற வரைக்கும் நிறுத்தவில்லை.