பாய்லருக்குப் போக வேண்டிய பலகைகள்

ரம்பக்காவுக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரோடு ஒத்துப்போனதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேண்டியவரைத் தூக்கி வைத்துப் பேசுகிறான் என்று பிறகு யாரும் சொல்லக்கூடாது.

கண்ணாடி பாட்டில் செய்யும் ஆலை அது. பாட்டில்களை அடுக்கி அனுப்ப மரப்பெட்டி வேண்டும். பெட்டிக்குப் பலகை அறுக்கும் ரம்ப மேசையில் பதினான்கு வருஷம் நின்றவர் அவர். பட்டப்பேர் மேசையால் பாதி வந்தது, வாயால் மீதி வந்தது. குடிதண்ணீர்க் குழாயில் துரு வருகிறது என்று ஒரு மாதம் விடாமல் நச்சரித்ததில், மேலாளர் அவரைப் பார்த்தாலே வேறு கதவு வழியாகப் போக ஆரம்பித்தார். குழாய் மாறியது. தொழிற்சங்கச் செயலாளரான எனக்கும் அதே வைத்தியம்தான். கூட்டத்தில் நான் அரைமணி நேரம் முழங்கி முடித்ததும் எழுந்து, "சரி, இதுல எத நாளைக்குச் செய்வீங்க?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

பலகை வந்து இறங்கியதும் மேற்பார்வையாளர் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். முடிச்சு உள்ளது, வளைந்தது எல்லாம் கழிவு. கழிவின் முதுகில் நீல மையில் ஒரு முத்திரை குத்துவார். ஒரு வட்டம், அதன் நடுவே குறுக்குக் கோடு. அந்த முத்திரைக் கட்டை அவருடைய சாவிக்கொத்தோடு தொங்கும், வேறு யாரும் தொட முடியாது. முத்திரை விழுந்த பலகை பாய்லருக்குப் போய் எரியும்.

ஒரு வருஷம் பெரிய முதலாளிக்கு அலுவலக முன்கூடத்துச் சுவரில் படம் வேண்டும் என்று ஆசை வந்தது. ஓவியர் ஒருவரைப் பிடித்து வந்தார்கள். இந்தப் பக்கத்து மலையும் ஏரியும் வரைந்து அப்போதே கொஞ்சம் பேர் எடுத்தவர். சாரம் கட்டி முப்பதடிச் சுவரில் எட்டு மாதம் வரைந்தார். ஆலை இருந்தது, புகைபோக்கி இருந்தது, மேகம் இருந்தது. வேலை செய்கிற ஆள் ஒருத்தரைக்கூடக் காணோம். மதிய இடைவேளைகளில் இயற்கைக் காட்சிகள் வரைய அவருக்குச் சின்னப் பலகைகள் தேவைப்பட்டன. ரம்பக்காவிடம் வந்து கேட்டார். பாய்லர் குவியலில் வழுவழுப்பானதாகப் பொறுக்கி, முத்திரை முதுகில் வரும்படி அறுத்துக் கொடுத்தார் அக்கா. மொத்தம் இருபத்திரண்டு. படம் எப்படி இருக்கிறது என்று ஓவியர் ஒருநாள் கேட்டாராம். ஏரி தகரம் மாதிரி இருக்கிறது என்று பதில் சொன்னாராம் இவர்.

குழாய் விவகாரத்துக்குப் பிறகு இவரை வெளியே தள்ளக் காரணம் தேடிக்கொண்டிருந்த நிர்வாகத்துக்கு இது அல்வா மாதிரி கிடைத்தது. நல்ல பலகைகளைத் திருடி வெளியே கொண்டுபோனதாகக் குற்றச்சாட்டு. காவலாளி பார்த்ததாகச் சாட்சி சொன்னார். விசாரணையில் ரம்பக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஓவியரிடம் இருக்கிற பலகைகளைக் கொண்டுவந்து திருப்பிப் பாருங்கள், முத்திரை தெரியும். ஓவியரைக் கூப்பிட்டார்கள். நான் கடையில் வாங்கிய பலகையில்தான் வரைகிறேன், இந்தம்மா எனக்கு எதையும் கொடுக்கவில்லை என்று கூசாமல் சொன்னார் அவர். சுவரில் பாதி வேலை மிச்சம், கூலி முதலாளி கையில். மேற்பார்வையாளரும் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

சங்கம் என்ன செய்தது? சம்பள ஒப்பந்தம் இழுத்துக்கொண்டிருந்த நேரம். இந்த ஒரு வேலைநீக்கத்தை எதிர்க்காமல் இருந்தால் வெள்ளிக்கிழமையே கையெழுத்து என்று முதலாளியின் மகன் சொல்லி அனுப்பினார். அவரைச் சின்ன முதலாளி என்போம். எழுநூறு பேரை ஒரு தட்டிலும் இவரை ஒரு தட்டிலும் வைத்துப் பார்த்தேன். எதிர்க்கவில்லை. அந்த வாரத் துண்டறிக்கைக்கு 'வெற்றி' என்று தலைப்பு வைத்ததும் நான்தான். நீக்க உத்தரவில் கையெழுத்து சின்ன முதலாளியுடையது. ஒரே பக்கத்தில் 'திருட்டு' என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது.

அந்தத் தாளைப் பார்த்த எந்த ஆலையும் அவரை உள்ளே விடவில்லை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் ரத்தம் தோய்ந்த விரிப்புகளை வெளுத்தார். தங்கச்சி வீட்டில் ஒரு சாமான் காணாமல் போனால், தங்கச்சி புருஷன் சிரித்துக்கொண்டே முதலில் இவர் பையைப் பார்ப்பாராம். விளையாட்டுக்காம். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே அங்கே போவதை விட்டுவிட்டார்.

ஆலை மூடியது. கழிவுப் பலகைகளைக்கூடக் கடைசியில் தொழிலாளிகளுக்கு எடைக்குப் போட்டார்கள். கட்டடம் இடிந்தபோது சுவர்ப்படமும் அதோடு மண்ணாயிற்று. ஓவியர் செத்தார், செத்த பிறகு விலை ஏறினார்.

போன வருஷம், நான் பிழை திருத்துகிற அச்சகத்துக்கு ஓர் ஏலப் பட்டியல் வந்தது. வழவழ தாள். சின்ன முதலாளி வீட்டிலிருந்து அந்த ஓவியரின் இருபத்திரண்டு படங்கள். விசாரணை முடிந்த கையோடு ஓவியர் அவற்றைப் பெரிய முதலாளிக்கே விற்றிருக்கிறார். திருட்டுப்போனதாகச் சொன்ன பலகைகள், சொன்னவர் வீட்டுச் சுவரிலேயே இத்தனை வருஷம் சட்டம் போட்டுத் தொங்கியிருக்கின்றன. முன்னுரையில் சின்ன முதலாளி எழுதுகிறார்: கலையை நேசித்த தன் தந்தை ஆலைக் கிடங்கிலிருந்து பலகைகளை ஓவியருக்கு அன்பளிப்பாக வழங்கினாராம்.

பின்பக்கப் படங்களும் இருந்தன. சட்டத்தின் முதுகில் ஒட்டியிருந்த காகிதத்தை ஏலக்காரர்கள் பிரித்துப் படம் பிடித்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் நீல வட்டம், குறுக்குக் கோடு. நிபுணர் ஒருவர் அதற்கு அரைப் பக்கம் விளக்கம் எழுதியிருந்தார். அது மலைக்குப் பின்னால் மறையும் சூரியனாம். ஓவியரின் அந்தரங்க அடையாளமாம். இது இல்லாத படம் போலி என்று சந்தேகிக்க வேண்டுமாம்.

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு ரம்பக்கா வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு இருபத்திரண்டு முதுகையும் பார்த்தார்.

"பின்பக்கத்தப் பாருங்கன்னு அன்னைக்கே தொண்ட கிழியக் கத்துனேன். இப்பதான் திருப்புனீங்களா, செயலாளரே?"

பிறகு ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார். ஒப்பந்தத்துக்காகச் சங்கம் அவரை என்ன செய்தது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 'விட்டுக்கொடுத்தது' என்று நான் எழுதிய இடத்தை அடித்துவிட்டு, 'வித்தது' என்று மாற்றச் சொன்னார். மாற்றினேன்.

ஏல நாள் காலையில் இருவரும் போனோம். குளிரூட்டிய கூடம், வெள்ளைக் கையுறை போட்ட ஆட்கள், ஆளுக்கொரு எண் அட்டையோடு வாங்க வந்தவர்கள். ரம்பக்கா கையில் பழைய நீக்க உத்தரவு, கக்கத்தில் சாக்கில் சுற்றிய ஒரு பொருள். ஏல நிலைய மேலாளர் அம்மா முதலில் மரியாதையாகவே பேசினார். அது ஓவியரின் முத்திரை, நிபுணர் உறுதி செய்தது என்றார். ரம்பக்கா சாக்கைப் பிரித்தார். உள்ளே அவர் வீட்டுக் கோழிக்கூட்டின் கதவு, ஆலை மூடியபோது எடைக்கு வாங்கிய பலகை. முதுகில் அதே நீல வட்டம், அதே கோடு.

"இதையும் அவருதான் வரைஞ்சாருன்னா சொல்லுங்க, இன்னைக்கே ஏலத்துல விட்டுடலாம். கழுவிதான் கொண்டாந்திருக்கேன்."

கையுறைக்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். மேலாளர் அம்மா சிரிக்கவில்லை. உத்தரவையும் முன்னுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, சின்ன முதலாளியை உள்ளறைக்கு அழைத்தார். எழுபதைத் தாண்டிய மனிதர், நல்ல சட்டை. பொருள் எப்படி வந்தது என்பதில் தகராறு இருந்தால் ஏலம் விட முடியாது, பட்டியலில் தப்பு இருந்தால் ஏலத்துக்கு முன் மேடையிலிருந்து திருத்தம் வாசித்தாக வேண்டும், இது எங்கள் விதி என்று அவரிடம் சொன்னார்.

ரம்பக்கா நின்றபடியே கேட்டார். "உங்கப்பா குடுத்தாருன்னா நான் திருடல. நான் திருடுனேன்னா நீங்க விக்கிறது திருட்டுச் சாமான். ரெண்டுல எதுன்னு சொல்லிட்டு வில்லுங்க."

முப்பத்தெட்டு வருஷமாயிற்று, எல்லோருக்கும் வயசாகிவிட்டது, இப்போது போய் எதற்கு என்று சின்ன முதலாளி ஆரம்பித்தார். பிறகு குரலை இறக்கி, பிடித்த படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். தாராளம்தான்.

"எரிக்க வச்சதக் கொண்டுபோய் நான் எங்க மாட்டுறது? என் பேர்ல போட்ட எழுத்த எடுங்க. வேற எதுவும் வேண்டாம்."

முதலில் ஒரு வரி எழுதிக் காட்டினார்கள்: பலகைகள் பற்றிய சில விவரங்கள் திருத்தத்துக்கு உட்பட்டவை. இதில் நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டார் அக்கா. அடுத்ததில் 'முன்னாள் பணியாளர் ஒருவர்' வந்தார். அந்த ஒருவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் இருக்கிறது என்றார். வெளியே கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தது. மூன்றாவது தாளைச் சின்ன முதலாளி படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கும் இப்படித்தான் போட்டிருப்பார்.

ஏலம் விடுகிறவர் மேடையேறினார். சட்டத்தில் கீறல், ஓரத்தில் கறை என்று படிக்கிற அதே வேகத்தில் திருத்தத்தையும் கடகடவென்று படித்துத் தள்ளிவிட்டு, முதல் படத்தைக் காட்டச் சொன்னார். கடைசி வரிசையில் ரம்பக்கா எழுந்தார்.

"கேக்கல. மறுபடி படிங்க."

எல்லாத் தலையும் திரும்பின. சின்ன முதலாளியின் தலை மட்டும் அசையவில்லை. மேலாளர் அம்மா மேடையைப் பார்த்துத் தலையாட்டினார். இரண்டாம் தடவை நிறுத்தி நிதானமாகப் படித்தார் ஏலம் விடுகிறவர். பலகைகள் முதலாளி அளித்த அன்பளிப்பு அல்ல. பின்பக்கம் உள்ளது ஓவியரின் அடையாளம் அல்ல, ஆலையின் கழிவு முத்திரை. எரிக்க ஒதுக்கிய பலகைகளை அறுத்து ஓவியருக்குக் கொடுத்தவர் இன்னார். பேர் முழுசாக வந்தது. அவர் எதையும் திருடவில்லை. அவரை நீக்கிய உத்தரவு தவறு என்று, அதில் கையெழுத்திட்டவரே ஒப்புக்கொள்கிறார்.

முன்வரிசையில் இருந்த நிபுணர் பட்டியலை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அட்டைகள் மேலே போகத் தொடங்கின. எரியாமல் தப்பிய பலகை என்றதும் விலை இன்னும் ஏறியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். பணக்காரர்கள் எதைக் காட்டினாலும் வாங்குவார்கள். ரம்பக்கா அதற்கெல்லாம் நிற்கவில்லை. வாசித்த தாளின் நகலை வாங்கி, வரிவரியாகப் படித்து, கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

பஸ் நிறுத்தத்தில் நான் டீ சாப்பிடலாமா என்று கேட்டேன்.

"எழுதிக் குடுத்தீங்க, வச்சிருக்கேன். மன்னிச்சிட்டேன்னு நீங்களா நெனச்சுக்காதீங்க" என்றார்.

பஸ் வந்தது. கோழிக்கூட்டுக் கதவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறினார். எங்கள் தெரு வழியாகப் போகிற பஸ்தான் அது. நான் அடுத்ததில் போனேன்.