இராகு காலம் கழியட்டும் என்று நான் நிறுத்திய விண்ணப்பம்

அடியார் பெருமக்களே,

ஆவணி மாதத்துக் கடைசி வெள்ளி. பகல் ஒரு மணி கடந்து ஒரு நிமிடம். எங்கள் சமையலறை மேசையில் இருந்த கணினியில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி தோன்றியது. என் மருமகள் தர்சிகா அதை இத்தாலிய மொழியில் வாய்க்குள் ஒருமுறை வாசித்தாள். பின்பு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"மாமி, பூட்டிப்போட்டினம்."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அந்தக் கதவு பூட்டப்படும்வரை அவளைக் கையைக் கட்டி இருக்கவைத்தவள் நானே.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். சொல்லத் தொடங்கினாலே நெஞ்சு துள்ளுகிறது. முடிவை முந்திச் சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது.

தர்சிகாவை உங்களில் பலர் அறிவீர்கள். பலெர்மோவின் பல்லரோச் சந்தைக்கு அருகில், வெளிநாட்டிலிருந்து வந்தோருக்கு உதவும் சிறு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறாள். மூன்று ஆண்டுகளுக்கு முன் வன்னியிலிருந்து வந்த ஓர் இளைஞனைப் பொலிசார் விசாரித்தார்கள். கேட்ட கேள்வி ஒன்றும் அவனுக்கு விளங்கவில்லை. மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டிக் கையொப்பமும் வைத்துவிட்டான். செய்யாத களவுக்கு நான்கு மாதம் சிறையில் இருந்தான். அவனுக்காக இவள் நீதிமன்றப் படியேறி இறங்கிய பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்து, "மொழிபெயர்த்தால் மட்டும் காணாது, மாமி. நான் சட்டம் படிக்கவேணும்" என்றாள்.

வேலை செய்துகொண்டே ஈராண்டுக் கல்லூரி ஒன்றில் படித்து முடித்தாள். அங்கு பெற்ற புள்ளிகளைக் கொண்டு பல்கலைக்கழகத்தின் குற்றவியல் நீதிப் பட்டப்படிப்பில் நேரே இரண்டாம் ஆண்டில் சேர வழி இருந்தது. ஆனால் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இருந்த உடன்பாடு அந்த ஆண்டோடு முடிகிறது. அந்த முறை தவறினால் முதலாம் ஆண்டிலிருந்து எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டும். வேலையும் வீடுமாக ஓடுகிறவளுக்கு அது இயலாத காரியம். இரண்டு ஆண்டு உழைப்பு வீணாகும். படிப்பு அத்தோடு நிற்கும்.

விண்ணப்பத்துக்கு வேண்டிய பத்திரங்கள் எல்லாம் கடைசி வாரத்துப் புதன்கிழமைதான் கைக்கு வந்தன; வெள்ளி பகல் ஒரு மணியோடு காலம் முடிகிறது. புதன் அட்டமி. "வேண்டாம் பிள்ளை" என்றேன். வியாழன் நவமி. "ஒருநாள் பொறு" என்றேன். வெள்ளி நல்ல நாள். காலை பத்து இருபதுக்கு அவள் எல்லாப் பத்திரங்களையும் கணினியில் ஏற்றி முடித்தாள். இறுதிப் பொத்தானை அழுத்துவது ஒன்றுதான் மிச்சம். ஆயினும் திரும்பவும் ஒருமுறை வாசித்துச் சரிபார்க்க வேண்டும் என்றாள். அவள் வாசித்து முடிக்கும்போது மணிக்கூட்டையும் நாட்காட்டியையும் பார்த்தேன். பத்தரை. இராகு காலம் தொடங்கிவிட்டது.

"பன்னிரண்டு மட்டும் பொறு, பிள்ளை."

"மாமி, ஒரு மணியோட முடியுது."

"பன்னிரண்டுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் முழுசாக் கிடக்குத்தானே?"

என் மகன் சுதன் தேநீர்க் கோப்பையோடு நின்றபடி சிரித்தான். "அம்மா, உது யாழ்ப்பாண நேரமோ, பலெர்மோ நேரமோ? இராகுவுக்கும் பெர்மெசோ, வதிவிட அனுமதி, கிடைச்சிட்டுதோ இஞ்சை இருக்க?"

"வாயை மூடடா. சாமி விஷயத்தில பகிடி விடாதை."

தர்சிகா கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். பன்னிரண்டு அடித்ததும் நான் திருநீறு பூசிவிட, அவள் பொத்தானை அழுத்தினாள். எங்களைப் போல் கடைசி நேரத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேரோ! திரையில் ஒரு சிறு வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடவுச்சொல் கேட்டு மீண்டும் உள்ளே வரச் சொன்னது. மீண்டும் சுற்றியது. ஒரு மணியும் ஆனது.

அன்று பின்னேரம் நம் கோயில் வெள்ளிப் பூசைக்கு வந்தேன். வழக்கம்போல் பதிகம் பாடும் முறை என்னுடையது. பதினெட்டு ஆண்டுகளாகப் பாடிவருகிறேன். அடியவர்க்கு எந்த நாளும் எந்தக் கோளும் தீங்கு செய்யா என்ற கருத்தில் நம் முன்னோர் பாடிய பாடல்களை எத்தனை வெள்ளிகள் பண்ணோடு பாடியிருப்பேன்! உங்களுக்குப் பொருளும் விளக்கியிருக்கிறேன். அன்று அதே பொருள் வாயில் வந்தபோது குரல் நின்றுவிட்டது. தொண்டை அடைத்ததாக நினைத்து உங்களில் யாரோ தண்ணீர் தந்தீர்கள். அடைத்தது வெட்கம். என் நாவு பாடியது ஐயனை, நெஞ்சு நம்பியது நாட்காட்டியை. ஐயன் திருமுன் நின்று, ஐயனைவிட ஒன்றரை மணி நேர இருளுக்கு அதிகம் அஞ்சியவள் நான்.

அப்படியே கண்ணை மூடி வேண்டினேன். "கருணைக் கடலே, என் அச்சத்தை நீ எடுத்துக்கொள். அந்தப் பிள்ளையின் கல்வியைத் திருப்பிக் கொடு. அதற்கு நான் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்யும் துணிவையும் தா." அழகான சொல் ஒன்றும் வரவில்லை. இத்தனை காலம் கற்ற செய்யுளெல்லாம் எங்கோ போய்விட்டது.

சனிக்கிழமை சுதன் ஒரு வழி சொன்னான். "இன்ரநெற் அறுந்துபோச்சு எண்டு ஒரு கடிதம் எழுதுவம். ஆர் வந்து பாக்கப் போகினம்?"

தர்சிகா அவனைத் திரும்பிப் பார்த்தாள். "நான் படிக்கப் போறது நீதி. முதல் கடதாசியே பொய்யோ?"

"அப்ப உண்மையை எழுது. அம்மா விடேல்லை எண்டு."

"மாமியை ஏன் இழுக்கிறியள்? கை என்ரைதானே. நான் அமத்தியிருக்கலாம்."

அவள் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னைக் காத்துப் பேசியதுதான் தாங்க முடியவில்லை. அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். "திங்கட்கிழமை நானும் வாறன்" என்றேன்.

"அங்கை வந்து என்ன கதைக்கப் போறியள், மாமி?"

"அது எனக்கும் தெரியாது. வாறன்."

திங்கள் காலை நான் வீட்டுவேலை செய்யும் வீட்டுக்கு விடுப்புச் சொன்னேன். மக்வேதா வீதி நெடுகக் கடைக்காரர்கள் கதவுகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். தர்சிகா முன்னே விரைந்து நடந்தாள். நான் உதட்டுக்குள் திருவைந்தெழுத்தை உருப்போட்டபடி பின்னே ஓடினேன்.

பல்கலைக்கழக மாணவர் அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் இருந்தார். தர்சிகா விளக்கினாள். அவர் தலையை ஆட்டினார். காலம் முடிந்தால் முடிந்ததுதான். அடுத்த ஆண்டு வாருங்கள் என்றார். தர்சிகா நன்றி சொல்லித் திரும்பிவிட்டாள். அப்போது எனக்குள் யார் நின்று பேசியது என்று நான் சொல்லவும் வேண்டுமோ? கண்ணாடியருகே போனேன். இருபது ஆண்டு வீட்டுவேலையில் பொறுக்கிய இத்தாலியச் சொற்களை எல்லாம் கூட்டினேன்.

"கொல்பா மியா, சின்யோரா! பிழை என்னுடையது. பிள்ளை பத்து மணிக்கே எல்லாம் முடித்தாள். நான்தான் கெட்ட நேரம் என்று சொல்லித் தடுத்தேன்."

அவர் நிமிர்ந்தார். "எந்தக் கெட்ட நேரம்?"

கைப்பையிலிருந்து நாட்காட்டித் தாளை எடுத்துக் காட்டினேன். தர்சிகா வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். அந்த அம்மையார் தாளைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். பிறகு பக்கத்து மேசைக்காரரை அழைத்தார்.

"கேட்டாயா? நல்ல நாள் என்று தேடி, எங்களுக்குக் கெட்ட நாளான வெள்ளிக்கிழமையைப் பிடித்திருக்கிறார்கள்! என் அம்மா இருந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். வெள்ளியும் செவ்வாயும் ஓர் ஊசியில் நூல் கோக்கவும் எங்களை விடமாட்டார்."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண்ணீரும் வந்தது. அவர் சிரிப்பை நிறுத்தினார். பின்பு கணினியைத் தட்டினார்.

"பத்து இருபதுக்கு எல்லாப் பத்திரங்களும் உள்ளே வந்திருக்கின்றன. இறுதி அனுப்புதல் மட்டும் இல்லை. நான் எதுவும் உறுதி சொல்ல மாட்டேன். உள்ளதை உள்ளபடி எழுதித் தாருங்கள். சேர்க்கைக் குழுவின் முன் வைக்கிறேன்."

அந்த மேசையிலேயே தர்சிகா எழுதினாள். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் மாமியாரின் நம்பிக்கைக்கு மதிப்பளித்துக் காத்திருந்தேன், அது என் முடிவே, என்று எழுதினாள். அதன் கீழே நானும் என் கையொப்பத்தை வைத்தேன். தமிழில் வைத்தேன்.

பன்னிரண்டு நாட்கள் சென்றன. பதின்மூன்றாம் நாள் காலை நான் வேலை வீட்டில் மேசைவிரிப்பை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது.

"மாமீ!"

ஒரு சொல்தான். பிறகு அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஓர் ஒலி.

"சொல்லு பிள்ளை!"

"எடுத்திட்டினம், மாமி! இரண்டாம் ஆண்டு! எல்லாப் புள்ளியும் ஏற்றுக்கொண்டினம்! ஒண்டும் வெட்டேல்லை!"

"ஐயனே!" என்று நான் கூவிய கூவலில் வீட்டுக்காரச் சின்யோரா குளியலறையிலிருந்து தலையில் துவாயோடு ஓடிவந்தார். "யார் இறந்தது?" என்று கேட்டார். யாரும் இறக்கவில்லை, என் மகள் பல்கலைக்கழகம் போகிறாள் என்றேன். மருமகள் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். அதற்குள் விரிப்பு கருகி மணத்தது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

தர்சிகா இப்போது அங்கே படிக்கிறாள். முதல் தேர்வில் தேறிவிட்டாள். விசாரணையில் ஒருவர் பேசாதிருக்க உள்ள உரிமை பற்றி வகுப்பில் கேட்டதை அன்று பின்னேரமே வந்து எனக்கு விளக்கினாள். நான் வெங்காயம் அரிவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். ஐயன் என் விண்ணப்பத்தை ஏற்ற வேகத்தை நினைத்தால் எனக்கு இருக்கை கொள்ளவில்லை! கேட்டது ஓர் இடம். தந்ததோ ஓர் இடமும், ஒரு மகளும், அச்சம் நீங்கிய நெஞ்சும். நாள் பார்ப்பதை நான் விட்டுவிட்டேன். நீங்களும் விடுங்கள் என்று கட்டளையிட எனக்குத் தகுதியில்லை. என் அனுபவம் இது, அவ்வளவே.

ஆனால் ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் வீட்டில் உங்கள் சொல்லுக்கு அடங்கி, உங்களால் தடைப்பட்டு நிற்பவர் எவரேனும் இருக்கிறாரா? இந்தக் கிழமையே அவர் முன் போய் அமருங்கள். அவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். அதன் பிறகு இறைவனிடம் பேசுங்கள். அந்த இரண்டாவது பேச்சு எவ்வளவு எளிதாக வருகிறது என்று பாருங்கள்.