இரும்பு ஏறக்கூடாத கப்பல்

கேட்டில் நின்று அடுத்தவர் பையைத் தடவிப் பிழைப்பதைப் போல ஊர்ச் சாபம் வாங்கித் தரும் தொழில் வேறில்லை. என்னைப் போலவே திட்டு வாங்கும் சக ஜீவன்களே, என் கதையையும் கேளுங்கள்.

பொன்னேரிக்குக் கிழக்கே கடலோரக் கப்பல் பட்டறை ஒன்றில் எனக்கு செக்யூரிட்டி வேலை. கடற்படையின் கண்ணிவெடி தேடும் கப்பல் ஒன்று பழுது பார்க்க வந்தது. இரும்பு பக்கத்தில் வந்தாலே கடலடிக் கண்ணிவெடி வெடித்துவிடுமாம். அதனால் கப்பலின் உடம்பெல்லாம் ஃபைபர், இன்ஜின்கூட காந்தம் ஒட்டாத உலோகம். ஏறுகிற ஒவ்வொருவரையும் நான் காந்தத்தால் தடவ வேண்டும். ஒட்டுவதெல்லாம் கீழே மேஜையில்.

"கடைசி டெஸ்ட்ல ஒரு குண்டூசி மாட்டினாலும் உன் காண்டிராக்ட் அதோட சரி" என்றார் மேனேஜர். நானோ மணவாள நகரில் பெண் வீட்டாரிடம் வேலை பர்மனென்ட் என்று அளந்துவிட்டு வந்திருந்தேன்.

பேண்ட் விவகாரம்

பெயின்டர் ஏகாம்பரத்தின் இடுப்பில் காந்தம் 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது. பட்டன் போன பேண்ட்டை ஊக்கு ஒன்றுதான் தாங்கிக்கொண்டிருந்தது. இரக்கமில்லாமல் கழற்றச் சொன்னேன். ஒரு கையில் பிரஷ், மறுகையில் பேண்ட் என்று ஏறிய மனிதர் பாதி ஏணியில் திரும்பிப் பார்த்தார்.

"குண்டு வெடிச்சா ஒரு வாட்டிதான் சாவு சார். பேண்ட்டு அவுந்தா தெனம் சாவு!"

சாம்பார் தூக்கு

கேன்டீன் செல்வி அக்காவின் எவர்சில்வர் தூக்கில் காந்தம் ஒட்டவில்லை. மூடியில் ஒட்டியது. மூடியில்லாமல் சாம்பார் ஏறியது. பாதி என் சட்டையில் இறங்கியது. அக்காவின் கவலை சாம்பாரைப் பற்றியதல்ல.

"எங்க அண்ணன் சுத்தமான எவர்சில்வருன்னு சொல்லி சீர் குட்த்தான். இப்ப நான் அவன நம்பறதா, உன் காந்தத்த நம்பறதா?"

கப்பலின் சாதனைப் பட்டியல்

இன்ஜின் ரூம் மாலுமி தேசிங்கு அண்ணன் கும்மிடிப்பூண்டிக்காரர். அந்தக் கப்பலிலேயே தலை நரைத்தவர். இத்தனை வருஷத்தில் எத்தனை கண்ணிவெடி கிடைத்தது என்று கேட்டேன். ஒன்றுகூட இல்லையாம். ஒரு தடவை மட்டும் கருவியில் ஏதோ தெரிந்து, கப்பல் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. முங்கிப் பார்த்தால் பழைய ஃபிரிட்ஜ்! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை.

"கெடைக்கலன்னு சிரிக்கிறியா? கெடச்சிருந்தா இப்ப உங்கூட பேசிக்கினு இருப்பனாடா தம்பி?"

டெஸ்ட் நாள்

நெல்லூர் பக்கத்துக்காரரான கடற்படை அதிகாரி ஒருவர் கையில் கருவியோடு கப்பலைச் சுற்றி வந்தார். பின்னால் மேனேஜர், அவருக்கும் பின்னால் நான். இன்ஜின் ரூம், சமையலறை, படுக்கை அறை எங்கும் கருவி வாயே திறக்கவில்லை. மனசுக்குள் கல்யாணப் பந்தி போட ஆரம்பித்துவிட்டேன். கப்பலின் மூக்குக்குப் போனதும் 'கீ' என்று அலறியது. அங்கே எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் திருஷ்டிக்குத் தொங்கிக்கொண்டிருந்தன, கடையில் கோத்துக் கொடுத்த இரும்புக் கம்பியில். காலையில் நல்லது நடக்க வேண்டுமே என்று கட்டியவன் சாட்சாத் நான்தான். ஊரையே தடவிய எனக்கு என் கையைத் தடவத் தோன்றவில்லை.

"யார் கட்டினது?" என்றார் அதிகாரி. கையைத் தூக்கினேன். மேனேஜர் பார்த்த பார்வையில் மண்டபம், மேளம், மணப்பெண் எல்லாம் போயிற்று. அதிகாரி கம்பியை உருவி மேனேஜர் கையில் வைத்தார். பழத்தை என்னிடமே நீட்டினார்.

"கம்பி வேணாம் நைனா, நூல்ல கட்டு. கட்டாம மட்டும் வுட்டுடாதே, இதுல கடலுக்குப் போறது நானு!"

காண்டிராக்ட் நீண்டது, கல்யாணமும் நடந்தது. மாமனார் போட்ட மோதிரத்தில் காந்தத்தை வைத்துப் பார்க்காமல் இருந்தேனே, என் மொத்த சர்வீஸிலும் நான் காட்டிய ஒரே கட்டுப்பாடு அதுதான்.