நாற்பது என்று எழுத மறந்த புடிமிர்

புடிமிர் வீட்டு ஸ்லாவா டிசம்பரில், புனித நிகோலாவின் நாளில் வரும். ஸ்லாவா என்றால் குடும்பப் புனிதரின் திருநாள். நீஷ் நகரத்தில் பாதிப் பேருக்கு அது அன்றுதான். மீதிப் பாதிப் பேர் அவர்கள் வீட்டுக்கு விருந்தாளிகள். ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்கும் வழக்கம் கிடையாது, தெரிந்தவர்கள் தாமாக வருவார்கள். அன்றைக்கு வீட்டுக்காரர் மட்டும் உட்காரக் கூடாது. வந்தவர்கள் எழுந்து போகும்வரை நின்றுகொண்டே ஊற்ற வேண்டும், நின்றுகொண்டே பரிமாற வேண்டும்.

இந்த வழக்கத்தைக் கண்டுபிடித்தவருக்குப் புடிமிர் போன்ற ஆள் பிறப்பான் என்று தெரிந்திருக்காது. பல வருஷமாக அந்த மனிதர் தன் வீட்டு ஸ்லாவாவில் நின்றதே இல்லை. சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையில், ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே, கவிழ்த்துப் போட்ட கூடை மேல் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பார்.

எல்லாம் டாக்ஸியால் வந்த வினை. கைபேசியில் டாக்ஸி கூப்பிடும் செயலி ஒன்றை நடத்தும் சின்னக் கம்பெனியில் அவருக்கு வேலை. செயலி விழாமல் பார்த்துக்கொள்வதுதான் பொறுப்பு. ஊரே வீடு வீடாகப் போய்க் குடிக்கும் நாளில் எவனும் சொந்த வண்டியைத் தொடமாட்டான். எல்லாரும் ஒரே நேரத்தில் செயலியைத் திறப்பார்கள். அந்தச் செயலியின் பிரதிகள் எங்கோ ஒரு க்ளவுட் கம்பெனியின் வாடகைச் சர்வர்களில், பிரதிக்கு ஒரு கண்டெய்னராக ஓடுகின்றன. முன்வாசலில் லோட் பேலன்சர் என்று ஒன்று நின்று, வருகிற கூட்டத்தை எல்லாக் கண்டெய்னருக்கும் பிரித்து அனுப்பும். கூட்டம் கூடினால் கண்டெய்னரையும் கூட்ட வேண்டும். அதைப் புடிமிர் கையால் செய்துகொண்டிருந்தார். பக்கத்தைத் திறந்து, பொத்தானை அமுக்கி, இங்கே ஒரு டிக், அங்கே ஒரு எண். ஒரு டிக் விட்டுப்போனாலும் ஊர் முழுக்க டாக்ஸி நின்றுபோகும். அதனால் வேறு யாரையும் அவர் தொட விடமாட்டார். தான் கண்ணெடுத்தால் கம்பெனி கவிழ்ந்துவிடும் என்று மனுஷன் உண்மையாகவே நம்பினார். கொஞ்சம் பெருமையும் இருந்தது என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்.

போன வருஷம் அது எல்லை மீறிப் போய்விட்டது. ஸ்லாவா ரொட்டியைப் பாதிரியாரும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுற்றி, முத்தமிட்டு, பிய்க்க வேண்டும். பாதிரியார் வந்து நின்றபோது வீட்டுக்காரர் சாமான் அறையில் இருந்தார். பாதிரியாருக்கோ அடுத்துப் பத்து வீடு காத்திருந்தது. கடைசியில் மனைவி வெரிட்சாவின் அண்ணன் ஸ்ரெட்டென் ரொட்டியைப் பிடித்துச் சுற்றினான். அவன் குடும்பப் புனிதரே வேறு! அன்றிலிருந்து அவன் இந்த வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம், "வாங்க மாப்ளே, நம்ம வீட்டுக்கு வந்தது ரொம்ப சந்தோஷம்," என்று புடிமிரை வரவேற்க ஆரம்பித்தான். வெரிட்சா சிரிக்கவில்லை. "அடுத்த வருஷமும் ரொட்டிக்கு நீங்க நிக்கலேன்னா, ஸ்லாவாவ எங்க அண்ணன் வீட்டுலயே வெச்சுக்கறேன். நீங்க உங்க ஜாடிங்களோட கொண்டாடுங்க," என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

புடிமிருக்கு அது உறைத்தது. குளிர்காலம் போய் வெயில் வந்த பிறகும் உட்கார்ந்து எழுதினார். கையால் செய்துகொண்டிருந்த அத்தனையையும் கோப்புகளில் கம்ப்யூட்டர் கோடாக எழுதினார். எத்தனை கண்டெய்னர், கூட்டம் வந்தால் எதுவரை ஏறலாம், லோட் பேலன்சர் எப்படிப் பிரிக்க வேண்டும், நோய்ப்பட்ட கண்டெய்னரை எப்படிக் கண்டுபிடித்து மாற்ற வேண்டும், எல்லாம். ஒரு கட்டளை கொடுத்தால் போதும், எழுதியபடி எல்லாம் எழுந்து நிற்கும். யாராவது கையால் எதையாவது மாற்றி வைத்திருந்தால், அடுத்த தடவை ஓடும்போது அதைத் துடைத்துவிட்டு எழுதியிருப்பதற்கே திரும்பும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்துச் சரி சொல்லாமல் எதுவும் உள்ளே போகாது.

பிறகு அவர் தொல்லை தாங்கவில்லை. "எழுதாததத் தொடாதே!" என்று காபி இயந்திரத்தின் மேல்கூட ஒட்டிவைத்தார். இந்த உபதேசத்தை அதிகம் கேட்டவள், அவரோடு அதே வேலை பார்க்கும் அல்மிரா. நோவி பசாரிலிருந்து வந்து இரண்டாவது வருஷம். சிரிக்காமல் வாரிவிடுவதில் கெட்டிக்காரி. அவளுடைய ஈத் பெருநாளான பைராம் அன்று செயலிக்கு அவர் காவல், அவருடைய ஸ்லாவா அன்று அவள் காவல் என்று ஏற்பாடு. டிசம்பர் பிறந்ததும், "பழைய பக்கத்துல கையால மாத்தற உரிமைய எல்லார்கிட்டயிருந்தும் எடுத்துடும்மா. எல்லார்னா எல்லாரும்தான்," என்றார். அவளும் எடுத்துவிட்டாள்.

திருநாள் அன்று காலையில் வெரிட்சா கை நீட்டினாள். அவர் கைபேசியைக் கொடுத்தார். அவள் அதை மாவு டப்பாவுக்குள் வைத்து மூடினாள்.

மெழுகுவத்தி எரிந்தது. நோன்புக் காலமாதலால் மேசையில் இறைச்சி இல்லை. கெண்டை மீன், அடுப்பில் வெந்த பீன்ஸ், வால்நட் பக்லவா. புடிமிர் வெள்ளைச் சட்டையில் நின்றார், ஊற்றினார், மறுபடி ஊற்றினார். நிற்பது இத்தனை சுகமா என்று அவருக்கே ஆச்சரியம்.

மதியம் தாண்டியது. பாதிரியாரைக் காணோம். ஸ்ரெட்டென் தன் கைபேசியைத் தூக்கிக் காட்டினான்.

"மாப்ளே, என் சகலைக்கு டாக்ஸி கூப்பிட்டுப் பாக்கறேன், இது சுத்திக்கிட்டே இருக்கு. உங்க கண்டெய்னரும் காலையிலயே ரெண்டு கிளாஸ் போட்டுருச்சோ?"

எல்லாரும் சிரித்தார்கள். புடிமிர் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு மாவு டப்பாப் பக்கம் பார்த்தார். அதற்குள் வெரிட்சாவின் கைபேசி அடித்தது. பாதிரியார்தான். அவர் கார் பட்டறையில் கிடக்கிறதாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டு வாசலில், தூபக்கலசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வராத டாக்ஸிக்காக நிற்கிறாராம். இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பாராம், இல்லாவிட்டால் நடக்கிற தூரத்தில் இருக்கிற வீடுகளை மட்டும் முடிப்பாராம்.

வெரிட்சா கணவனைப் பார்த்தாள். அவருக்குக் கைபேசியைத் திருப்பிக் கேட்கத் தைரியம் இல்லை. அவளே போய் மாவு டப்பாவைத் திறந்தாள். உள்ளே கைபேசி அதிர்ந்து அதிர்ந்து, மாவு பொங்கி அவள் மூக்குவரை வந்தது.

"சீக்கிரம் முடிங்க. நான் இங்கயே நிப்பேன்," என்று சாமான் அறைக் கதவில் சாய்ந்துகொண்டாள்.

பழக்கதோஷம், புடிமிர் நேரே பழைய பக்கத்துக்குத்தான் போனார். கையால் நாலு பொத்தான் அமுக்கினால் தீர்ந்தது. அனுமதி இல்லை என்று வந்தது. மறுபடி தட்டினார். அனுமதி இல்லை. அல்மிராவைக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது, என்னையே உள்ள விடமாட்டேங்குது!"

"எல்லார்னா எல்லாரும்தான்னு சொன்னீங்களே அண்ணே. நீங்க அந்த எல்லார்ல இல்லையா?"

"அவசரம்மா!"

"தெரியும். எத்தன தடவ கூப்பிட்டேன்! எங்க வெச்சிருந்தீங்க போன?"

"மாவுல."

அவள் விஷயத்துக்கு வந்தாள்: "என்னான்னு கண்டுபிடிச்சுட்டேன். கூட்டம் வந்தா பன்னெண்டு கண்டெய்னருக்கு மேல ஏறாதேன்னு கோப்புல இருக்கு. ஆனா முந்தாநாள் வரைக்கும் அங்க வரம்பு நாப்பதுன்னு இருந்துச்சு. ரெண்டு மாசத்துக்கு அப்புறம் நேத்துதான் கோட ஓட்டினோம், அது எழுதியிருக்கற பன்னெண்டுக்கே திருப்பிடுச்சு. அப்ப நாப்பதுன்னு கையால மாத்தினது யாரு?"

புடிமிருக்கு ஞாபகம் வந்தது. அக்டோபரில் கால்பந்து ஆட்டம் முடிந்த கையோடு ஊரே டாக்ஸி தேடியபோது, ஒருவர் பழைய பக்கத்தைத் திறந்து பன்னிரண்டை அழித்து நாற்பது போட்டார். கோப்பில் நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அந்த ஒருவர் மறுநாள் காலையில்தான் காபி இயந்திரத்தில் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார்.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். புடிமிரின் காது மடல் சிவந்துபோனது.

"மாத்தம் எழுதி வெச்சுட்டேன். இன்னொருத்தர் சரி சொல்லணும். முதலாளி வீட்டுலயும் ஸ்லாவா, எடுக்கல. நீங்கதான் சொல்லணும்," என்றாள் அல்மிரா.

திறந்து பார்த்தார். ஒரே ஒரு வரி. பன்னிரண்டு போய் நாற்பது வந்திருந்தது. காரணம் எழுதும் இடத்தில் அவள் எழுதியிருந்தாள்: 'யாரோ கையால மாத்திட்டு எழுத மறந்துட்டாங்க. பெரியவங்க, அதனால பேர் போடல.'

புடிமிர் அசடு வழியச் சிரித்துக்கொண்டே சரி என்பதை அமுக்கினார். வேறு ஒன்றும் செய்வதற்கில்லை. கண்டெய்னர்கள் ஒவ்வொன்றாக எழுவதைப் பார்க்கலாமே என்று விரல் துறுதுறுத்தது. வெரிட்சா கையை நீட்டினாள். கைபேசி மறுபடி மாவுக்குள் போனது.

கூடத்தில் ஸ்ரெட்டென் கத்தினான்: "சுத்தறது நின்னுருச்சு! வண்டி வருது!"

கொஞ்ச நேரத்தில் பாதிரியாரும் டாக்ஸியில் வந்து இறங்கி, மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தார். புடிமிர் ரொட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார், பாதிரியார் மறுபக்கத்தை. சுற்றினார்கள். புடிமிரின் சட்டைக் கையில் மாவு அப்பியிருந்தது. ரொட்டியைத் தானே பிசைந்ததாக அவர் பொய் சொல்லப் பார்த்தார், ஒருவரும் நம்பவில்லை. வெரிட்சாவின் கண் கலங்கியிருந்தது. அவள் அதை மறைக்கவும் இல்லை.

இருட்டிய பிறகு, வீடு நிரம்பி வழிகிற நேரத்தில் மணி அடித்தது. வாசலில் அல்மிரா. ஒரு கையில் பூங்கொத்து, இன்னொரு கையில் காபிப் பொட்டலம்.

"கூப்பிடாமலே வரலாமாமே, வந்துட்டேன்," என்றாள்.

வெரிட்சா அவளை இழுத்து உட்காரவைத்து, "எல்லாம் மீனும் பீன்ஸும்தாம்மா, நீ யோசிக்காம சாப்பிடலாம்," என்று தட்டை நிரப்பினாள். புடிமிர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார். இரவுக் கூட்டம் இனிமேல்தான் வரும். வீடு திரும்புகிறவர்கள் அத்தனை பேரும் செயலியைத் திறக்கும் நேரம்.

"நீ இங்க இருக்கியே... அங்க யாரு பாத்துக்கறா?"

"யாரும் பாக்கல."

"யாருமே இல்லையா!"

"எதுக்கு? கூட்டம் வந்தா ஏறுது, போனா இறங்குது. படுத்துக்கிட்டத எடுத்துட்டு புதுசு போட்டுக்குது. நீங்க எழுதினதத்தானே அண்ணே அது செய்யுது. ஏதாவது எழுதாம விட்டிருந்தா மட்டும் என் போன் அடிக்கும்." மீனைப் பிட்டுக்கொண்டே கேட்டாள்: "வேற ஏதாவது எழுதாம விட்டிருக்கீங்களா?"

புடிமிர் யோசித்தார். நன்றாக யோசித்தார். இல்லை என்று தலையாட்டினார். அவர் பார்க்காமலே ஊர் முழுக்க டாக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நெஞ்சில் எங்கோ லேசாக வலித்தது, உண்மைதான். ஆனால் அந்த வலியைவிடப் பல மடங்கு சந்தோஷம் வந்து முட்டியது. இத்தனை வருஷத்தில் அவர் வீட்டு ஸ்லாவாவில் இன்றுதான் அவர் முழுசாக இருந்தார்.

"மாப்ளே, என்ன செல மாதிரி நிக்கறீங்க? வந்த பொண்ணுக்குக் குடிக்க ஒண்ணும் ஊத்தல. இது யார் வீடு?" என்றான் ஸ்ரெட்டென்.

"என் வீடு!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, புடிமிர் அல்மிராவுக்குப் பழச்சாறு எடுத்துவரப் போனார்.